வயர் சாரின் தடைப் பட்டியல்

வயர் சார் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம்.

அவருக்கு நாற்பத்தொரு வயது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குக் கேபிள் இழுக்க ஒப்பந்தக்காரரோடு வந்தார். வேலை முடிந்து ஒப்பந்தக்காரர் போய்விட்டார், இவர் மட்டும் போகவில்லை. ஏதாவது ஒரு வகுப்பில் நெட் வராது, கூப்பிட்டு விடுவார்கள். ஆபீஸில் பிரிண்டர் மக்கர் பண்ணும், கூப்பிட்டு விடுவார்கள். சும்மா கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர்களுக்கே கூச்சமாகிவிட்டது. நூலகத்தில் வேலை பார்த்த அவருடைய அண்ணியும் ஒரு வார்த்தை சொல்ல, தலைமையாசிரியை அவரைச் சம்பளத்துக்கே வைத்துக்கொண்டார். பெயர் மட்டும் வயர் சார் என்றே நின்றுவிட்டது. சொந்தப் பெயரைச் சம்பளச் சீட்டில்தான் தேட வேண்டும்.

அண்ணி கல்யாணமாகி வீட்டுக்கு வந்தபோது வயர் சாருக்குப் பதினைந்து வயது. வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டுத் திருப்பி மாட்டத் தெரியாமல் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தார். அண்ணன் அடிக்கக் கை ஓங்கினார். புதுப்பெண் குறுக்கே வந்து நின்று, மறுநாளே சாலிடரிங் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து அண்ணி சொன்னால் இவருக்கு மறுபேச்சு கிடையாது. பள்ளியில் மதிய மணி அடித்தால் நூலகத்தின் பின்னறையில் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். அண்ணன் லாரி ஓட்டுபவர், மாதத்தில் பாதி நாள் சாலையில் இருப்பார். அதனால் வீட்டுக் கதை, ஊர்க் கதை எல்லாம் அந்தப் பின்னறையில்தான் ஓடும். உடம்பைப் பற்றி மட்டும் அண்ணியும் கொழுந்தனும் பேசிக்கொள்ள மாட்டார்கள். தலைவலி என்றால் சொல்லலாம். தலைக்குக் கீழே எதுவும் பேச்சில் வராது.

வருஷ ஆரம்பத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஓர் அப்பா போனை ஆட்டிக்கொண்டு எழுந்தார். அவர் பிள்ளை ஆறாம் வகுப்பு. பள்ளிக் கணினியில் தமிழில் ஏதோ தட்டியிருக்கிறான், பார்க்கக் கூடாதது ஏதோ வந்திருக்கிறது. "இதுக்குத்தான் ஃபீஸ் கட்டுறோமா?" என்று அவர் போட்ட சத்தத்தில் தலைமையாசிரியைக்கு வியர்த்துவிட்டது. கூட்டம் முடிந்ததும் வயர் சாரைப் பிடித்துக்கொண்டார்.

"வடிகட்டி மாட்டியிருக்கோம், வடிகட்டி மாட்டியிருக்கோம்னு சொன்னீங்களே, அது என்னதான் பண்ணுது?"

வடிகட்டி என்பது ஆபீஸ் அலமாரியில் முனகிக்கொண்டிருக்கும் ஒரு கறுப்புப் பெட்டி. பள்ளிக்கு வரும் இணையம் முழுக்க அதன் வழியாகத்தான் வரும். யார் எந்தக் கணினியில் உட்கார்ந்து என்ன தேடினாலும், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அது படித்துப் பார்க்கும். தன் பட்டியலில் உள்ள சொல் தட்டுப்பட்டால் பக்கத்தைத் தடுத்துவிடும், யார், எப்போது, எதைத் தேடினார் என்று பதிவேட்டிலும் ஏற்றிவிடும். வயர் சார் பட்டியலைத் திறந்து பார்த்தார். ஆங்கிலச் சொற்கள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. தமிழில் ஒன்றுகூட இல்லை. விற்ற கம்பெனிக்குப் போன் போட்டால், "உங்க மொழிக்கு நீங்களே சேர்த்துக்கலாம் சார், அதுக்கு வசதி இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

சேர்த்துவிட்டால் போயிற்று என்று ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தார். துணைக்கு ஆபீஸ் பெரிய கிளார்க். வயர் சாருக்குப் பதினைந்து கெட்ட வார்த்தைக்கு மேல் சரக்கு இல்லை.

"என்ன வயர் சார், இதுக்கே மூச்சு வாங்குது? நீங்க பஸ்ஸில நின்னுக்கிட்டுப் போனதே இல்லையா?" என்று பெரிய கிளார்க் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பிறகு அவர் வாயிலிருந்து வந்தவற்றை இங்கே எழுத முடியாது. இருபத்தெட்டு வருஷம் பெற்றோரிடம் பணிவாகப் பேசியே பழகிய மனிதர், அன்றைக்கு மொத்தமாகக் கொட்டித் தீர்த்தார். வயர் சார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார். வராந்தா பெருக்கிக்கொண்டிருந்த அம்மா வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனார். நூற்று எண்பதோடு கிளார்க்கின் சரக்கும் தீர்ந்தது.

"சரி, இனிமே உடம்புப் பேருங்களைப் போடுங்க" என்றார்.

"அது கெட்ட வார்த்தை இல்லையே சார்?"

"இல்லதான். ஆனா பசங்க அதைத்தானே தேடுவானுங்க? போடுங்க சார், எதுக்கு வம்பு."

எதுக்கு வம்பு என்று வயர் சாரும் போட்டார். மார்பு போயிற்று, இடுப்பு போயிற்று, தொடை போயிற்று. எந்த ஒட்டுச் சேர்ந்து வந்தாலும் சிக்கும்படி, சொல்லின் முன்பாதியை மட்டும் கொடுத்திருந்தார். கூட்டிப் பார்த்தால் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொரு சொல்லும் என்ன வகை என்று பெட்டி கேட்டது. வன்முறையா, சூதாட்டமா, ஆபாசமா? மொத்தத்தையும் ஆபாசத்தில் தள்ளினார். தடுத்த பக்கத்துக்குப் பதிலாகத் திரையில் வர ஒரு சிவப்பு அறிவிப்பையும் அவரே எழுதினார். 'நீங்கள் ஆபாசமான பக்கத்தைத் திறக்க முயன்றீர்கள். உங்கள் பெயரும் நேரமும் பதிவு செய்யப்பட்டுள்ளன. நிர்வாகத்துக்குத் தெரிவிக்கப்படும்.' படித்துப் பார்த்தபோது அவருக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. பசங்களுக்கு அந்தப் பயம் வேண்டும் என்று விட்டுவிட்டார்.

தலைமையாசிரியைக்கு வாரா வாரம் ஓர் அறிக்கை போகும். முதல் வாரம் நாற்பது பக்கம் வந்தது. "இதை யாரு படிக்கிறது? ஒரே பக்கத்துல குடுங்க" என்றார் அவர். வயர் சார் யோசித்து, தேடிய சொற்களுக்கான கட்டத்தை எடுத்துவிட்டார். பெயர், வகை, எத்தனை தடவை, அவ்வளவுதான். அழகாக ஒரு பக்கத்தில் அடங்கியது. ஆசிரியர் அறையில் பாராட்டு மழை. இவரும் சும்மா இருந்தாரா? "பெட்டி பாக்கறதெல்லாம் நான் பாக்கற மாதிரிதான். என் கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது" என்று எல்லார் முன்னாலும் அளந்துவிட்டார். அண்ணியும் அப்போது அங்கே இருந்தார். உண்மை என்னவென்றால், அதற்குப் பிறகு மூன்று மாதம் அந்தப் பதிவேட்டை அவர் ஒருநாள்கூடத் திறக்கவில்லை. திறக்கிற அளவுக்கு யாரும் குறை சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்துத்தான் குறை வந்தது. தமிழ் ஐயா கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார். கையில் சாக்பீஸ் அப்படியே இருந்தது.

"வயர் சார், உமக்குத் தமிழ் மேல அப்படி என்னய்யா கோவம்?"

"என்ன ஐயா ஆச்சு?"

"பழைய பாட்டு நடத்தறேன். வீரன் மார்புல வேல் பாஞ்சு நிக்கறான். பக்கத்தைத் தொறந்தா, நான் ஆபாசம் பாக்க முயற்சி பண்ணினேன்னு செவப்பா வருது! பெரிய திரையில! முப்பத்தெட்டு பசங்களும் பெஞ்சுக்கு அடியில போய்ச் சிரிக்கறானுங்க. மானமே போச்சு!"

வயர் சாருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, "இருங்க ஐயா, எந்தச் சொல் மாட்டுதுன்னு பார்த்து எடுத்துவிடறேன்" என்று பதிவேட்டைத் திறந்தார். மார்பு என்ற சொல்லால் மூன்று மாதத்தில் தடுத்ததையெல்லாம் காட்டு என்று கேட்டார். நாலைந்து வரி வரும் என்று நினைத்தார். நாற்பத்தேழு வரி வந்தது.

ஒன்பது வரி தமிழ் ஐயா. மூன்று வரி உயிரியல் டீச்சர், பாவம், வெளியே சொல்லவே இல்லை. மிச்சம் முப்பத்தைந்தும் ஒரே இடம். நூலகம், இரண்டாம் கணினி. உள்ளே நுழைந்த பெயர் அண்ணியுடையது.

எந்தப் பயலோ அண்ணி இல்லாத நேரத்தில் புகுந்து விளையாடியிருக்கிறான் என்றுதான் முதலில் தோன்றியது. இன்றைக்கு அவன் காதைத் திருகாமல் விடுவதில்லை என்று நேரத்தைப் பார்த்தார். எல்லாமே காலை ஏழே முக்காலிலிருந்து எட்டுக்குள். அந்த நேரத்தில் நூலகச் சாவி அண்ணியிடம் மட்டும்தான் இருக்கும். பிறகுதான் தேடிய சொற்களைப் படித்தார்.

'மார்பில் கட்டி.' தடை.

'மார்பில் சின்ன கட்டி வலி இல்லை.' தடை.

'மார்பில் கட்டி தானாகக் கரையுமா.' தடை.

'மார்பகக் கட்டி எந்த டாக்டரிடம் காட்டுவது.' தடை.

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் வகை ஆபாசம், வகை ஆபாசம் என்று பெட்டி வரிசையாக எழுதி வைத்திருந்தது.

"என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டீரு?" என்று தமிழ் ஐயா எட்டிப் பார்க்க வந்தார். வயர் சார் திரையைச் சட்டென்று அணைத்தார்.

"அரை மணி நேரத்துல சரி பண்றேன். தயவுசெய்து போங்க ஐயா." குரல் அவருடையது மாதிரியே இல்லை. தமிழ் ஐயா போய்விட்டார்.

கதவைத் தாழிட்டுவிட்டு, அண்ணி பெயரில் இருந்த எல்லாத் தேடலையும் எடுத்தார். தடை விழுகிறது என்று தெரிந்ததும் அண்ணி சொல்லை மாற்றிப் பார்த்திருக்கிறார். 'நெஞ்சில் கட்டி' என்று தட்டியிருக்கிறார். அதைப் பெட்டி விட்டுவிட்டது. திறந்த பக்கங்கள் மொத்தமும் நெஞ்சுச் சளிக்கு வெந்நீர் ஆவி பிடிக்கச் சொன்னவை. மூன்று நாள் அதையெல்லாம் படித்திருக்கிறார். ஆங்கிலத்தில் தட்டியிருந்தால் முதல் தடவையே திறந்திருக்கும், கம்பெனிப் பட்டியலில் மருத்துவப் பக்கங்களுக்கு விலக்கு உண்டு. தமிழ்ப் பட்டியலுக்கு விலக்குக் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சனிக்கிழமை சிரித்துக்கொண்டிருந்த இரண்டு மேதாவிகளுக்கும் தோன்றவில்லை. வீட்டில் தேடலாமே என்றால், அண்ணியின் போன் பாதி நேரம் மகள் கையில் இருக்கும்.

கடைசி இரண்டு தேடல்கள் ஏழு வாரத்துக்கு முந்தையவை.

'தடை செய்த பக்கம் திறந்தால் வேலை போகுமா.'

'பள்ளிக் கணினியில் தேடியதை அழிப்பது எப்படி.'

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

வயர் சார் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஏழு வாரமாகத்தான் அண்ணி அவரோடு சாப்பிடுவதில்லை. 'வேலை இருக்கு தம்பி, நீ சாப்பிடு' என்று ஏதாவது சொல்லி நழுவிவிடுவார். அண்ணன் மகள் பிறந்தநாளுக்கு இவர் போக முடியாததால் அண்ணிக்குக் கோபம் என்று நினைத்து, நமக்கும் ரோஷம் இருக்கிறது என்று இவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்திருந்தார். ஆனால் ஏழு வாரத்துக்கு முன்னால் அப்படி என்ன நடந்தது? எழுந்து தலைமையாசிரியை அறைக்கு ஓடினார்.

"மேடம், அந்த வார அறிக்கையில எங்க அண்ணி பேரு வந்துச்சா?"

தலைமையாசிரியை பேனாவை மூடி வைத்தார். "நீங்களே கேட்டுட்டீங்க, அதனால சொல்றேன். நாலு வாரம் தொடர்ந்து அவங்கதான் முதல் இடம். ஆபாசம், ஆபாசம்னு. எனக்கு நம்பவே முடியல. ஆனா பேப்பர்ல இருக்கே? தனியா கூப்பிட்டு, பிள்ளைங்க வந்துபோற இடம், இதெல்லாம் வேண்டாம்மான்னு சொன்னேன். உங்க மரியாதைக்காகத்தான் உங்ககிட்ட சொல்லல."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"தலையைக் குனிஞ்சுக்கிட்டே சரி மேடம்னாங்க."

"மேடம், அது ஆபாசம் இல்ல." வயர் சார் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அவங்களுக்கு உடம்பு சரியில்ல. டாக்டரைத் தேடியிருக்காங்க. நான் அந்தச் சொல்லையே தடை பண்ணி வெச்சிருக்கேன்."

தலைமையாசிரியைக்கு அது புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயய்யோ! நான் அவங்களை என்னவெல்லாம் சொல்லிட்டேன்" என்றார். அதைக் கேட்டுக்கொண்டிருக்க வயர் சார் அங்கே நிற்கவில்லை.

நூலகத்தில் அண்ணி புத்தக முதுகில் எண் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். ஆள் இளைத்திருந்தார். தினமும் பார்க்கிற முகம், இளைத்தது இன்றைக்குத்தான் இவர் கண்ணில் பட்டது. எதிரே போய் நின்றார். இருபத்தாறு வருஷத்தில் பேசாததை எந்த வாயால் ஆரம்பிப்பது?

"அண்ணி, அந்தக் கட்டி..." என்றார்.

அண்ணி கையிலிருந்த சீட்டு விரலிலேயே ஒட்டிக்கொண்டது. அவர் அதைப் பிய்க்கவில்லை.

"இப்பத்தான் படிச்சியா?"

வயர் சார் தலையை ஆட்டினார்.

"மூணு மாசமா நீ படிச்சிருப்பன்னுல்ல நினைச்சேன்" என்றார் அண்ணி. சத்தம் உயரவில்லை. "பெட்டி பாக்கறதெல்லாம் நான் பாக்கற மாதிரின்னு நீதானே சொன்ன? முதல் தடவை அந்தச் செவப்பு வந்தப்ப உயிரே போயிடுச்சு. அப்புறம் யோசிச்சேன். சரி, வாயால சொல்லத்தான் கூச்சம், எழுத்துல பாத்துட்டான், அவனே அவங்க அண்ணன்கிட்ட சொல்லி ஏதாவது பண்ணுவான்னு. அதுக்காகவே திரும்பத் திரும்பத் தட்டினேன், தெரியுமா? நீ மத்தியானம் வருவ, டப்பாவைத் தொறப்ப, உன்பாட்டுக்குச் சாப்பிடுவ. தெரிஞ்சும் இவனுக்கு எப்படிச் சோறு இறங்குதுன்னு பாத்துக்கிட்டே இருப்பேன். அப்புறம் மேடம் கூப்பிட்டாங்க. நீதான் போட்டுக் குடுத்தேன்னு நினைச்சேன்."

"நான் பாக்கவே இல்ல அண்ணி. ஒரு நாள் கூடப் பாக்கல."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு. பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவனா, பார்ப்பதாகப் பீற்றிக்கொண்டு பார்க்காமல் இருந்தவனா, இரண்டில் எவன் தேவலை என்று அவராலேயே சொல்ல முடியவில்லை.

"இப்ப எப்படி இருக்கு அண்ணி?"

"பெருசாயிருக்கு."

வயர் சார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "என்னை மன்னிச்சிடுங்க" என்று அழ ஆரம்பித்தார்.

"நிறுத்து. முதல்ல எந்திரி" என்றார் அண்ணி. "எனக்கு உன்மேல கோவம் இருக்கு. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். மன்னிக்கறதெல்லாம் அப்புறம் பாக்கலாம். எனக்கு பயமா இருக்கு தம்பி. வண்டிச் சாவியை எடு."

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். படம் எடுத்தார்கள், ஊசி போட்டுக் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வர ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். அந்த ஒன்பது நாளில் வயர் சார் பட்டியலிலிருந்து உடம்புச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்தார். அறிக்கையில் தேடிய சொல்லுக்கான கட்டத்தைத் திரும்பச் சேர்த்தார். சிவப்பு அறிவிப்பை எடுத்துவிட்டு, 'இந்தப் பக்கம் தவறாகத் தடுக்கப்பட்டிருந்தால் சொல்லுங்கள்' என்று எழுதி வைத்தார். பெரிய கிளார்க் விஷயம் கேள்விப்பட்டு வந்து, வாசலிலேயே நின்றுவிட்டுப் போனார். தமிழ் ஐயாவின் பக்கமும் திறந்தது. அவர் வந்து நன்றி சொன்னபோது வயர் சாருக்கு எரிச்சல்தான் வந்தது.

பத்தாம் நாள் டாக்டரம்மா தாளைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "முதல்ல எப்பம்மா தெரிஞ்சுது?"

"மூணு மாசத்துக்கு முன்னாடி" என்றார் அண்ணி.

"அப்பவே வந்திருந்தா கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம். இது வேகமா வளர்ற வகை. இப்ப அந்தப் பக்கம் முழுசா எடுக்கணும், அப்புறம் மருந்தும் ஏத்தணும். பிழைச்சுக்குவீங்கன்னுதான் நான் நம்பறேன். ஆனா அடிச்சுச் சொல்ல ஆபரேஷன் முடியணும். ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க?"

அண்ணி மடியில் கிடந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயர் சார் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா ஆபரேஷன் தேதியை எழுத ஆரம்பித்தார்.

வெளியே வராந்தா பெஞ்சில் அண்ணி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்து நீட்டினார்.

"உங்க அண்ணனுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. சும்மா செக்கப்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். நீ பேசு."

"நானா அண்ணி?"

"கட்டின்னு நான் சொல்லிடுவேன். ஏன் மூணு மாசம் லேட்டாச்சுன்னு அடுத்ததா கேப்பாரு. அதுக்குப் பதில் நான் ஏன் சொல்லணும்?"

வயர் சார் போனை வாங்கி அழுத்தினார். இரண்டாவது மணியிலேயே அண்ணன் எடுத்துவிட்டார். பின்னால் லாரிகள் போகிற சத்தம் கேட்டது.

"என்னம்மா, சாப்பிட்டியா?"

"நான்தான் அண்ணா."

"டேய், நீயா! என்னடா, அண்ணியும் கொழுந்தனும் மறுபடி ராசியாயிட்டீங்க போல? பேச்சுவார்த்தையே இல்லன்னு பொண்ணு சொன்னா." அண்ணன் சிரித்தார். "எங்க அவ? போனை அவகிட்ட குடு."

"வண்டியை ஓரமா நிறுத்திட்டுப் பேசு அண்ணா."

"நிறுத்தித்தான்டா இருக்கேன். என்ன விஷயம்?"

வயர் சார் அண்ணியைப் பார்த்தார். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கொழுந்தன் என்ன சொல்லப் போகிறார் என்று நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்கூல்ல நான் ஒரு பட்டியல் போட்டேன் அண்ணா" என்று ஆரம்பித்தார் வயர் சார்.